வெப்பம் மிகுந்த உலகமே செல்வம் மிகுந்த உலகமா?

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு (ஐபிசிசி) 2021இல் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதி, இந்த நூற்றாண்டின் இறுதியில் பூமி எவ்வளவு சூடாகியிருக்கும் என்ற கேள்விக்கு ஒரே விடையைத் தராமல், ஐந்து பாதைகளை வகுத்து ஐந்து விடைகளைத் தருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால், 2081 முதல் 2100 வரையிலான காலத்தின் சராசரி வெப்பநிலை அவற்றுள் மிகத் தணிந்த பாதையில் 1.4 டிகிரி செல்சியஸும், மிகக் கடுமையான பாதையில் 4.4 டிகிரியும் கூடியிருக்கும். இந்த எண்கள் செய்தித்தாள்களில் பலமுறை வந்துவிட்டன. ஒவ்வொரு பாதைக்கும் அடித்தளமாக வைக்கப்பட்டிருக்கும் பொருளாதாரக் கதையோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 4.4 டிகிரி சூடேறிய அந்த உலகில் ஒரு சராசரி மனிதரின் ஆண்டு வருமானம், விலைவாசி உயர்வைக் கழித்துக் கணக்கிட்டாலும், 2010இல் இருந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக இருக்கும் என்று அந்தக் கதை சொல்கிறது. ஐந்து உலகங்களுள் மிகச் செழிப்பானது அதுதான். பனிப்பாறைகள் உருகிக் கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் உலகமும், மனித வரலாறு காணாத செல்வம் குவிந்த ஓர் உலகமும் ஒரே அட்டவணையின் ஒரே வரிசையில் எப்படி இடம்பெற முடியும் என்ற கேள்விதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

இதை விளங்கிக்கொள்ள, 'சினாரியோ' என்று ஆய்வாளர்கள் சொல்வதை, அதாவது இங்கே 'எதிர்காலப் பாதை' எனப்படுவதை, முன்னறிவிப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். நாளை கடலோர மாவட்டங்களில் மழை பெய்யும் என்று வானிலை மையம் சொல்வது முன்னறிவிப்பு. அது பலித்ததா இல்லையா என்பதை மறுநாளே பார்த்துவிடலாம். எதிர்காலப் பாதையோ 'இப்படி நடந்தால் அப்படி ஆகும்' என்ற வடிவிலான கூற்று. மக்கள்தொகை இவ்வளவு, வருமானம் இவ்வளவு, எரிபொருள் இன்னது என்று முதலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து கரியமில வாயு உமிழ்வையும், உமிழ்விலிருந்து காற்றில் சேரும் அளவையும், அதிலிருந்து வெப்பநிலையையும் படிப்படியாகக் கணக்கிடுவார்கள். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. முதல் கண்ணியான பொருளாதார வளர்ச்சி அப்படி எந்த விதியிலிருந்தும் பெறப்படுவதில்லை. ஆய்வாளர்கள் தாங்களாக வைக்கும் அனுமானம் அது.

அந்த அனுமானத்தின் அளவு சாதாரணமானதன்று. ஐபிசிசி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட உமிழ்வுப் பாதைகள் குறித்த சிறப்பு அறிக்கை நான்கு கதைக் குடும்பங்களாக 40 பாதைகளை வகுத்தது. அவற்றுள் மிகக் குறைந்த வளர்ச்சி கொண்ட பாதையில்கூட உலகின் மொத்த உற்பத்தி 2100க்குள் பத்து மடங்காகிறது. மிக அதிகமானதில் 26 மடங்காகிறது. பெருக்கம் நின்றுபோகும் பாதையோ, உற்பத்தி சுருங்கும் பாதையோ அந்த நாற்பதில் ஒன்றுகூட இல்லை. அந்த அறிக்கையை எதிர்த்து எழுந்த முதல் பெரிய பொருளாதார விவாதமும் இந்த இடத்தைத் தொடாமலே கடந்துபோனது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையின் முன்னாள் தலைவர் இயன் காசில்ஸும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் முன்னாள் தலைமைப் பொருளியலாளர் டேவிட் ஹெண்டர்சனும் 2003 வாக்கில் ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார்கள். நாடுகளின் வருமானத்தைச் சந்தை நாணய மாற்று விகிதத்தில் ஒப்பிட்டதால் ஏழை நாடுகள் உள்ளதைவிட ஏழையாகத் தெரிகின்றன, அவை பணக்கார நாடுகளை எட்டிப்பிடிக்க வேண்டுமென்று கணக்கிடும்போது வளர்ச்சியும் உமிழ்வும் மிகையாகிவிடுகின்றன, ஆகவே ஒரு ரூபாய்க்கு உள்ளூரில் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதை வைத்து ஒப்பிடும் 'வாங்கும் திறன்' முறையையே கையாண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வருமான இடைவெளி மிகையாகத் தெரியும்போது, ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் எரிபொருள் கணக்கிலும் அதே மிகை எதிர்த்திசையில் ஏறுவதால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று மறுதரப்பு பதிலளித்தது. கணக்கு நுட்பத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் வளர்ச்சியை எந்த நாணயத்தில் அளப்பது என்று வாதாடியவர்கள், நூறாண்டுக்கு அந்த வளர்ச்சி கிடைக்குமா என்று கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஷெல் அலெக்லெட் தலைமையில் இயங்கிய குழுவினர், ஐபிசிசியின் கடுமையான பாதைகள் எரிக்க நினைக்கும் அளவுக்குப் பெட்ரோலியமும் எரிவாயுவும் பூமிக்கடியில் இல்லை, எரிபொருள் தட்டுப்பாடே வெப்பமேற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டிவிடும் என்று வாதிட்டார்கள். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970ஐ ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும் என்று நிலவியலாளர் கிங் ஹப்பர்ட் 1956லேயே சொன்னதும், அது அப்படியே நடந்ததும் இந்த வாதத்துக்குப் பெரும் வலுவாக இருந்தன. ஆனால் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியதும் அமெரிக்காவின் உற்பத்தி மீண்டும் ஏறி, 1970இன் உச்சத்தையும் தாண்டிவிட்டது. எண்ணெய் விஷயத்தில் இப்படிப் பிசகிய வாதம் நிலக்கரியில் ஓரளவு நின்றது. 8.5 என்று குறிக்கப்படும் மிகக் கடுமையான பாதை, அதாவது 2100இல் பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் 8.5 வாட் கூடுதல் வெப்பம் தங்கும் பாதை, நிலக்கரிப் பயன்பாடு நூற்றாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ ஐந்து மடங்காகும் என்று வைத்துக்கொள்கிறது. அவ்வளவு நிலக்கரியை வெட்டியெடுக்க முடியுமா என்பதே ஐயம் என்றும், அந்தப் பாதையை 'இப்போதைய போக்கு' என்று சித்திரிப்பது தவறு என்றும் ஸீக் ஹவுஸ்ஃபாதரும் க்ளென் பீட்டர்ஸும் 2020இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்த விமர்சனம் சரியானதே. அதிலிருந்து ஆபத்து விலகிவிட்டது என்ற முடிவுக்குப் போவதுதான் பிழை.

காரணத்தை அணைக்கட்டின் மொழியில் சொல்லலாம். மேட்டூர் அணையின் நிலவரத்தை நாள்தோறும் பார்க்கும் எவருக்கும் நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்ற மூன்று சொற்களும் பழக்கமானவை. வரத்து குறைந்தாலும், அது வெளியேற்றத்தைவிடக் கூடுதலாக இருக்கும் நாள்வரை இருப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். வளிமண்டலமும் அப்படி ஒரு நீர்த்தேக்கம்தான். மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்குச் சுமார் 280 என்றிருந்த அதன் அளவு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. ஆகவே கேள்வி சுரங்கத்தில் எவ்வளவு மிச்சம் என்பதைவிட, இந்தத் தேக்கத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிறிஸ்டோஃப் மெக்கிளேடும் பால் எக்கின்ஸும் 2015இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. வெப்ப உயர்வை 2 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால், அப்போது அறியப்பட்டிருந்த எண்ணெய் இருப்பில் மூன்றில் ஒரு பங்கும், எரிவாயுவில் பாதியும், நிலக்கரியில் 80 விழுக்காட்டுக்கு மேலும் 2050வரை தொடப்படாமல் மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும். சுரங்கம் வற்றும் நாளுக்கு வெகுகாலம் முன்பே தேக்கம் நிரம்பிவிடும் என்பதே இதன் பொருள்.

வியப்புக்குரியது, இதே முடிவு 1972லேயே ஒரு கணிப்பொறியிலிருந்து வெளிவந்திருந்தது என்பதுதான். ரோம் மன்றம் என்ற சிந்தனையாளர் குழுவின் வேண்டுகோளின்படி, அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெஹ்ரன்ஸ் ஆகியோர் 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற நூலை எழுதினார்கள். மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, புதுப்பிக்க முடியாத வளங்கள், மாசு ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பிணைத்த 'வேர்ல்டு3' என்ற கணினி மாதிரி அந்த நூலின் அடிப்படை. வழமைப்படி போகவிட்ட முதல் ஓட்டத்தில், வளங்கள் தீர்ந்து தொழில் உற்பத்தி 21ஆம் நூற்றாண்டில் சரிகிறது. பலரும் நினைவில் வைத்திருப்பது இந்த ஓட்டத்தை மட்டுமே. அந்நூல் பொய்த்துவிட்டது என்று சொல்பவர்களும் இதையே சுட்டுவார்கள். ஆனால் ஆசிரியர்கள் அங்கே நிற்கவில்லை. வளங்களின் அளவை இரட்டிப்பாக்கிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டினார்கள். வளத் தட்டுப்பாடு விலகியது. உற்பத்தி இன்னும் உயரம் போனது. அந்த உயரத்தில் குவிந்த மாசு உணவையும் ஆயுளையும் தாக்கியதால், சரிவு வேறொரு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. எண்ணெய் தீரும் தீராது என்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த வாதத்துக்கான விடை அந்த இரண்டாவது ஓட்டத்தில் இருந்தது.

அந்த மாதிரி கரடுமுரடானது என்பதில் ஐயமில்லை. முழு உலகையும் ஒரே நாடாகவும், எல்லா மாசுகளையும் ஒரே பொருளாகவும் கருதியது. ஒரு பண்டம் அரிதாகும்போது விலை ஏறி, மக்கள் மாற்றுப் பொருளைத் தேடுவார்கள் என்ற சந்தையின் இயல்புக்கு அதில் போதிய இடமில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இந்தக் குறைகளை 1973இல் விரிவாக எழுதினார்கள். 'வேர்ல்டு3'க்கு முன்னோடியான ஜே ஃபாரஸ்டரின் மாதிரியை, தரவே இல்லாத அளவீடு என்று அதே ஆண்டில் சாடினார் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நார்ட்ஹாஸ். ஆயினும் அதில் ஒரு பண்பு இருந்தது: பொருளாதாரம் மாசை உண்டாக்கும், அந்த மாசு திரும்பிவந்து பொருளாதாரத்தையே தாக்கும். விளைவு தன் காரணத்தையே போய்த் தொடும் இந்த அமைப்பைப் 'பின்னூட்டம்' என்பார்கள். பின்னாளில் வந்த காலநிலைப் பாதைகள் காற்றையும் கடலையும் நூறு மடங்கு நுட்பமாகக் கணக்கிட்டன. ஆனால் பொருளாதாரத்திலிருந்து வெப்பத்துக்குப் போகும் அம்பை மட்டும் வைத்துக்கொண்டு, வெப்பத்திலிருந்து பொருளாதாரத்துக்குத் திரும்பும் அம்பை எடுத்துவிட்டன. வட்டமாக இருந்தது நேர்கோடாயிற்று. அட்டவணையில் மிகச் சூடான உலகம் மிகச் செழிப்பான உலகமாக நிற்பதன் ரகசியம் இதுதான்: அந்த வருமானம் வெப்பத்தின் சேதத்தைக் கழிப்பதற்கு முன்பே எழுதப்பட்ட வருமானம்.

இதற்கு ஆய்வு முறை சார்ந்த ஒரு காரணம் உண்டு. சேதத்தைத் தனியே ஆராய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான, சேதம் கலவாத ஒரு தொடக்கக் கணக்கு வேண்டியிருந்தது; முன்கூட்டியே கழித்துவிட்டால் ஒரே இழப்பு இருமுறை எண்ணப்படும். அந்த நியாயத்தை ஏற்றுக்கொள்ளலாம். சேதத்தைக் கழிக்கும் வேலையை ஏற்றுக்கொண்ட பொருளாதாரக் கணக்குகள் அதை எப்படிச் செய்தன என்பதுதான் கவலைக்குரியது. இத்துறைக்கு அடித்தளமிட்டு 2018இல் நோபல் பரிசு பெற்றவர் அதே நார்ட்ஹாஸ். அவருடைய 1991ஆம் ஆண்டுக் கட்டுரை அமெரிக்கப் பொருளாதாரத்தைத் துறைவாரியாகப் பிரித்து, உற்பத்தியில் 87 விழுக்காடு காலநிலையால் குறிப்பிடத்தக்க பாதிப்பு அடையாத துறைகளில் நடப்பதாகக் கொண்டது; வேளாண்மையும் காடும் மீன்பிடியும் சேர்ந்து ஏறத்தாழ 3 விழுக்காடு என்பதால் அவற்றின் இழப்பு மொத்தத்தில் சிறிதாயிற்று. கூரைக்கடியில் நடக்கும் தொழிலை வெயில் தொடாது என்ற எண்ணமே இதன் உட்கிடை. அவருடைய பிற்கால மாதிரியில் 6 டிகிரி வெப்ப உயர்வு உலக வருமானத்தில் சுமார் 8.5 விழுக்காட்டைத்தான் குறைக்கிறது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனி போர்த்திக் கிடந்தபோது, பூமியின் சராசரி வெப்பநிலை இன்றையதைவிடச் சுமார் 5 முதல் 6 டிகிரிதான் குறைவாக இருந்தது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அளவு மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தால், இழப்பு சில ஆண்டு வளர்ச்சியில் ஈடாகிவிடும் என்று சொல்லும் கணக்கில், பணத்தின் பங்கையும் தேவையின் பங்கையும் ஒன்றாகக் கருதிய பிழை இருக்கிறது. இந்தியாவின் மொத்த உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு ஆறில் ஒன்றுதான். ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அதை நம்பி வாழ்கிறார்கள், நூற்றுக்கு நூறு பேரும் அதைத்தான் உண்கிறார்கள்.

வளர்ச்சி என்ற அனுமானம் இன்னோர் இடத்திலும் மறைவாகப் புகுந்து வேலை செய்கிறது. எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கப் பொருளியலாளர்கள் 'கழிவு வீதம்' ஒன்றைப் பயன்படுத்துவார்கள். நிக்கோலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்காக 2006இல் தயாரித்த அறிக்கை ஆண்டுக்கு 1.4 விழுக்காட்டையொட்டிய வீதத்தைக் கொண்டது. நார்ட்ஹாஸ் கொண்டது 4 விழுக்காட்டுக்கும் மேல். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரும் 100 ரூபாய் இழப்பு முதல் வீதத்தில் இன்றைய 25 ரூபாய்க்குச் சமம். 4 விழுக்காட்டில் அது வெறும் 2 ரூபாய். இவ்வளவு கழிப்பதற்குச் சொல்லப்படும் முதன்மையான காரணம், வருங்காலத்தவர் இன்றுள்ளவர்களைவிடப் பல மடங்கு பணக்காரர்களாக இருப்பார்கள், அவர்களுக்கு இந்த இழப்பு உறைக்காது என்பதே. வளர்ச்சி தொடரும் என்று கொண்டால் கழிவு வீதம் உயர்கிறது. கழிவு வீதம் உயர்ந்தால் இன்று செலவழித்து உமிழ்வைக் குறைக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. தளர்ந்தால் வெப்பம் கூடுகிறது. கூடிய வெப்பமோ தொடக்கத்தில் வைத்த வளர்ச்சியைத் தொடுவதே இல்லை. மார்ஷல் பர்க், சாலமன் சியாங், எட்வர்ட் மிகேல் ஆகிய மூவரும் 2015இல் பல நாடுகளின் கடந்தகாலத் தரவுகளைக் கொண்டு கணித்தபோது, கடுமையான பாதையில் உலகின் தலா வருமானம், வெப்பமேற்றமே இல்லாதிருந்தால் எட்டியிருக்கும் நிலையைவிட 2100இல் 23 விழுக்காடு குறைந்திருக்கும் என்ற விடை கிடைத்தது. பழைய கணக்குகளைவிட இது பல மடங்கு கூடுதல். அந்த இழப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே வெப்பமான ஏழை நாடுகளின் தலையில் விழுகிறது.

எனில், வளர்ச்சியை நிறுத்திவிடுவதுதான் வழியா? ஜப்பானியப் பொறியியலாளர் யோய்ச்சி காயா வகுத்த ஓர் எளிய சமன்பாடு இதை நிதானமாக எடைபோட உதவும். உமிழ்வு என்பது மக்கள்தொகை, தலா வருமானம், ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் ஆற்றல், ஓர் அலகு ஆற்றலுக்கு வெளியாகும் கரியமில வாயு ஆகிய நான்கின் பெருக்கல். உமிழ்வைப் பத்தாண்டில் பாதியாக்க வேண்டுமானால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு இறங்க வேண்டும். உலகப் பொருளாதாரம் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தால், கடைசி இரண்டு காரணிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 10 விழுக்காடு அளவுக்குக் குறைய வேண்டும். வளர்ச்சி முற்றிலும் நின்றுபோனாலும் 7 விழுக்காடு குறைந்தே ஆக வேண்டும். வளர்ச்சி இந்த வேலையைக் கடினமாக்குகிறது; வளர்ச்சியை நிறுத்துவதால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. ஊரடங்கால் உலகமே வீட்டுக்குள் முடங்கிய 2020இல்கூட, பொருளாதாரம் 3 விழுக்காட்டளவு சுருங்கி, உமிழ்வு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகத்தான் குறைந்தது.

வளர்ச்சியும் உமிழ்வும் பிரிந்துசெல்ல முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இல்லை. 1990க்கும் 2022க்கும் இடையில் பிரிட்டனின் பொருளாதாரம் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்தது. நாட்டெல்லைக்குள் அதன் உமிழ்வு பாதியானது. நிலக்கரியில் மின்சாரம் எடுத்த கடைசி நிலையத்தையும் அந்நாடு 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. ஆனால் இந்தச் சாதனையின் வேகம் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடுதான். இறக்குமதிப் பொருள்களுக்காக வேறு நாடுகளில் எழும் புகையைச் சேர்த்தால் அதுவும் குறையும். மின்சாரம் எளிதான பகுதி என்பதையும் மறக்கக் கூடாது. சிமென்ட் ஆலையின் உலை கடினமான பகுதிக்குச் சான்று. அரியலூரிலோ வேறெங்கோ வெட்டிய சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, தூய கல்லின் ஒவ்வொரு 100 கிராமிலிருந்தும் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. எஞ்சிய 44 கிராம் கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. உலையைச் சூரிய மின்சாரத்தால் சூடாக்கினாலும் அந்த 44 கிராம் வெளியேறியே தீரும், ஏனெனில் அது எரிபொருளிலிருந்து வருவதன்று, கல்லுக்குள்ளேயே இருப்பது. அந்த வாயுவைப் பிடித்துப் புதைப்பது, கட்டும் முறையை மாற்றுவது, குறைவாகக் கட்டுவது ஆகியவை தவிர அங்கே வழியில்லை.

குறைவாகக் கட்டுவது, குறைவாக நுகர்வது என்பதைப் பாதைகளை வரைபவர்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவே இல்லை. 1.5 டிகிரி குறித்து ஐபிசிசி 2018இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கைக்காகத் தொகுக்கப்பட்ட 222 பாதைகளிலும் உற்பத்தி வளர்ந்துகொண்டே போகிறது என்பதை லோரன்ஸ் கைசரும் மான்ஃப்ரெட் லென்சனும் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். வளர்ச்சியைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொண்டதால், பல பாதைகள் கணக்கை நேர்செய்ய வேறொன்றைச் சார வேண்டியிருந்தது: பரந்த நிலப்பரப்பில் பயிரை வளர்த்து, எரித்து, அதன் புகையைப் பிடித்து நிலத்துக்கடியில் புதைக்கும் தொழில்நுட்பம். தேவையான அளவில் அது இன்னும் எங்கும் நிறுவப்படவில்லை. நிறுவப்படாத ஒன்றைப் பாதையில் சேர்ப்பது இயல்பென்றும், பணக்கார நாடுகள் நுகர்வைக் குறைப்பதைச் சேர்ப்பது நடவாதென்றும் கொள்வது அறிவியல் சார்ந்த தீர்ப்பாக இருக்க முடியாது. அது அரசியல் தீர்ப்பு, அதை வெளிப்படையாக அப்படியே சொல்லியிருக்க வேண்டும்.

குறைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்கின்றன. ஓர் அமெரிக்கரின் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு வெளியாகிறது. ஓர் இந்தியரின் பங்குக்குச் சுமார் 2 டன். 1.5 டிகிரியைத் தாண்டாமலிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால், 2020 தொடக்கத்திலிருந்து உலகம் மொத்தமாக 50,000 கோடி டன்தான் வெளிவிடலாம் என்று ஆறாவது அறிக்கை கணித்தது; ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 கோடி டன் வீதம் அதில் ஐந்தே ஆண்டுகளில் 20,000 கோடி போய்விட்டது. மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் வழியில்லாத வீட்டிடம் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. அதே நேரத்தில், 14 டன் வாழ்க்கையை எட்டுவதே முன்னேற்றம் என்று அந்த வீட்டுக்குச் சொல்லித்தருவதும் தேக்கத்தின் கொள்ளளவை மறைத்துச் சொல்லும் பொய்யாகிவிடும்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்ற கருத்தை விளக்கும் ஆங்கில நூலில், நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் போன்று அளவு வரையறுக்கப்பட்டவற்றைக் கரைந்துபோகும் வளங்கள் என்றும், ஆற்றில் ஓடும் நீர், காட்டில் ஆண்டுதோறும் வளரும் மரம் போன்றவற்றை, அவற்றின் பெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்வரை, நிலைத்த வளங்கள் என்றும் பிரித்தார். அணைக்கட்டின் மொழியில் முன்னவை இருப்பு, பின்னவை வரத்து. வரத்துக்குள் வாழும் பொருளாதாரத்துக்கும் இருப்பைக் கரைக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மொத்த உற்பத்தி என்ற ஒற்றை எண் காட்டாது. அணையின் இருப்பைத் திறந்துவிட்டு ஓடும் வெள்ளத்தையும் மழையால் ஓடும் வெள்ளத்தையும் அது ஒன்றாகவே கூட்டும். இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டை எட்டியது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், அந்த நிதியாண்டுக்கான நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. இரண்டும் ஒரே வளர்ச்சி வீதத்துக்குள் சேர்ந்தே கணக்கிடப்பட்டன.